பின்கண்ணாடியில் மூன்று பெயர்கள்

கார்க் கண்ணாடியை ஒட்டுகிற கறுப்புப் பசைக்கு ஒரு வாடை உண்டு. புதுச் செருப்புக் கடையும் வார்னிஷும் கலந்த வாடை. போன வாரம் தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் அது மூக்கில் ஏறியது. என் சின்னக் காரின் சைடு மிரரை ஏதோ மினிபஸ் தட்டிவிட்டுப் போய்விட, அதை மாற்றத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பழைய சாம்பல் நிற செடான் நின்றது. இப்போது அந்த வகைக் கார் வருவதில்லை. அந்தக் காலத்தில் வேகத்துக்குப் பேர்போனது. மூக்கைத் தாழ்த்தி முதுகைத் தூக்கிக்கொண்டு, நிற்கும்போதே ஓடுகிற தோற்றம். ஒரத்தநாட்டிலிருந்து வந்திருந்த வாலிபர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பின்கண்ணாடி மாற்றவாம். உடைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"ஒடையல சார். யாரோ பிளேடு போட்டுச் சொரண்டிப் பாழ் பண்ணி வச்சிருக்காங்க. உள்ள ஓடுற கோடும் வேலை செய்யல. ஒரிஜினல் கிளாஸ் ஒண்ணு புதுசா கெடைச்சிச்சு. விடுவேனா?"

எழுந்து பின்பக்கம் போனேன். உள்ளே ஒட்டியிருந்த கறுப்பு ஃபிலிம் வெயிலில் வெளுத்துக் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. வெளியே ஒருகாலத்தில் ஸ்டிக்கர் எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் வெயில் படாமல் பழைய கறுப்பு அப்படியே நின்றது. படிக்க முடிந்தது. ஷெரின். ஜோயல். அதற்கும் கீழே பொடி எழுத்தில், அமலி.

அமலி என் மகள். கார் என் சகலை லாரன்ஸ் வைத்திருந்தது.

சகலை என்கிற உறவை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அண்ணன் தம்பியோடு போட்டி போட்டால் ஊர் கேவலமாகப் பேசும். சகலையோடு போட்டி போடாவிட்டால்தான் வீட்டில் பேசுவார்கள். நான் மூத்த மகளைக் கட்டியவன். லாரன்ஸ் இளையவளைக் கட்டியவர். முறைப்படி முதல் மரியாதை எனக்கு வர வேண்டும், வரவும் செய்தது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது மாமனார் என் பக்கத்தில்தான் நடப்பார். கண் மட்டும் தெருவில் நிற்கிற காரின் மேல் இருக்கும்.

நான் அப்போது ஒரு நாளிதழின் தஞ்சாவூர் நிருபர். வாகனம், மொபெட். பின்சீட்டில் மனைவி, முன்னால் நின்றுகொண்டு அமலி. லாரன்ஸ் சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தார். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் இருந்த மாமனார் ஊருக்கு அந்தச் செடானை அவர் முதன்முதலாக ஓட்டி வந்தபோது, வாய்க்கால் பாலத்திலிருந்தே சத்தம் கேட்டது. உறுமல் என்று எழுதினால் ஆசிரியர் குழுவில் சிரிப்பார்கள். ஆனாலும் அது உறுமல்தான். அன்றிலிருந்து ஊரில் எங்களுக்கு அடையாளம் பிறந்தது. அவர் 'கார்க்கார மாப்ள', நான் 'பேப்பர்க்கார மாப்ள'.

பேப்பரில் என் பெயராவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. எத்தனை நல்ல செய்தி கொடுத்தாலும் மேலே 'நமது நிருபர்' என்றுதான் இருக்கும். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமனார் சவரிமுத்து பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு கேட்பார்.

"இதுல நீங்க எழுதுனது எது மாப்ள?"

காட்டுவேன். விரலை வைத்துப் படிப்பார். "நல்லாருக்கு. ஒங்க பேரப் போட மாட்டானுவளா?"

அதே நேரம் வாசலில் நின்ற காரின் பின்கண்ணாடியில் ஷெரின், ஜோயல் என்று வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் பெயரைக் கண்ணாடியில் ஒட்டுவது எங்கள் பக்கத்தில் கார் வாங்கியவுடன் செய்கிற முதல் வேலை. சாமி பெயர்கூட இரண்டாவதுதான். மொபெட்டில் பெயர் எழுத மட்கார்டு இருக்கிறது. அதில் எழுதினால் சேறுதான் படிக்கும்.

அந்தப் பின்கண்ணாடி எனக்கு மனப்பாடம். அதன் குறுக்கே மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடும். பனி படிந்தால் சூடேற்றி விலக்குவதற்காம். தை மாதமும் விசிறிக்கொண்டே தூங்குகிற ஊரில் அதற்கு என்ன வேலை? "ரூல் போட்ட நோட்டு மாதிரி இருக்கே" என்று ஒருமுறை கிண்டலாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மனைவி மட்டும் பக்கத்தில் வந்து, "கண்ண எடுங்க, கார் கரைஞ்சுடப் போவுது" என்றாள்.

அந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தோம். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்தான், வயல் வைத்திருப்பவர்கள் பொங்கலை விடுவார்களா? வீட்டில் நிழல் என்றால் ஒரே ஒரு தென்னை. காரை அதன் கீழ் விடச் சொன்னவர் மாமனாரேதான். வெயிலில் பெயிண்ட் மங்கிவிடக் கூடாதே. மரத்தில் காய்கள் முற்றிக் காய்ந்து நெத்தாகத் தொங்கின. பறிக்கச் சொல்லிவைத்திருந்த ஆள் பொங்கலன்று மதியமே வந்துவிட்டார். கார் நிற்பதைப் பார்த்து, "வண்டிய கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க" என்றார். லாரன்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாமனார் திகைத்துப் போனார். வீட்டுக்கு வந்திருக்கிற மாப்பிள்ளையை எழுப்பி, காரை நகர்த்தச் சொல்வதா? "நல்லாச் சொன்ன போ. மாப்ள எந்திரிச்சா என்ன நெனைப்பாரு? நீ பொங்க கழிச்சு வா" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதே மொபெட்டாக இருந்தால் அவரே தள்ளிக்கொண்டு போயிருப்பார் என்று நான் அப்போது நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. ஒரே ஒரு நெத்து. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. பையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சரசரப்பு. பின்கண்ணாடி முழுவதும் கற்கண்டாகிப் பின்சீட்டில் கிடந்தது. ஷெரினும் ஜோயலும் அதோடு போனார்கள். ஸ்டிக்கரில் ஒட்டிய துணுக்குகள் மட்டும் மாலைபோலத் தொங்கின.

எனக்குள் என்ன ஓடியது என்று உங்களிடம் மறைப்பானேன்? குளிர்ந்தது. தை மாதக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். வர்ணக் குச்சி கையில் அப்படியே நின்றது.

"பரவால்ல மாமா, மெட்ராஸ்ல போய் மாத்திக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிக்கிட்டா போதும்" என்றார் லாரன்ஸ். நிஜமாகவே பெருந்தன்மையாகச் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது எப்புடி மாப்ள? ஷீட்ட ஒட்டிக்கிட்டுப் போய் ஒங்க வீட்டு வாசல்ல நிறுத்துனா, சம்மந்தி என்ன கேப்பாங்க? மாமனார் வீட்டுக்குப் போய் ஒடைச்சுக்கிட்டு வந்தான்னுதானே? இங்க ஒடைஞ்சது, இங்கயே மாத்திதான் போகணும்." சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, தஞ்சாவூர்ல ஒங்களுக்குத் தெரியாத ஆள் இல்ல. ஏதாச்சும் பண்ணுங்க."

கார் வந்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்து ஓர் உதவி கேட்டது அன்றுதான்.

பொங்கல் விடுமுறை. கடைகள் பூட்டு. அப்படிப்பட்ட காருக்குக் கண்ணாடி திறந்திருக்கிற கடையிலும் கிடைக்காது. ஆனால் எனக்கு ஒரு நான்கு வரிச் செய்தி நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் அதே ரகக் கார் ஒன்று திருச்சி சாலையில் மதகுச் சுவரில் மோதியது. உள்ளே இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். 'காரின் முன்பகுதி சேதமடைந்தது' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அச்சில் கார் முழுக்க 'அப்பளம்போல் நொறுங்கி' இருந்தது. அப்பளம் உதவி ஆசிரியர்கள் மேசையில் சேர்த்தது. நேரில் பார்த்தவன் நான். பின்கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அந்த வண்டி கீழவாசலில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவரின் கார்ப் பட்டறைக்குப் பின்புறம் கிடந்தது. பாகம் பாகமாக விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர் விட்டுப்போயிருந்தார். பாய்க்குப் பொங்கல் விடுமுறையும் இல்லை.

மூவரும் கிளம்பினோம். லாரன்ஸ் ஓட்ட, நான் முன்னால், மாமனார் பின்னால். பின்கண்ணாடி இல்லாத கார் காற்றை உறிஞ்சும் என்று அன்று தெரிந்தது. வழியில் முன்பட்ட நெல் அறுத்த வயல்களிலிருந்து வைக்கோல் தூசியும் பதரும் உள்ளே வந்து மாமனாரின் வெள்ளைச் சட்டையில் படிந்தன. அவர் தட்டிக்கூட விடவில்லை. தண்டனை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பாய் அந்த விபத்து வண்டியைக் காட்டி, "கண்ணாடி இருக்கு சார். எடுக்க ரெண்டு ஆள் வேணும். நம்ம பசங்க எல்லாம் லீவு" என்றார். பிறகு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் யாரு, அண்ணன் தம்பியா?"

"சகல" என்றார் லாரன்ஸ்.

"அப்ப ஆவாது" என்று பாய் சிரித்தார். "இழுக்கச் சொன்னா ஆளுக்கொரு பக்கம் இழுப்பீங்க."

நிஜத்தில் அதுதான் வேலையே. பசையில் ஒரு துளையிட்டு மெல்லிய எஃகுக் கம்பியை விட்டார். ஒரு முனை காருக்கு வெளியே, லாரன்ஸ் கையில். மறுமுனை உள்ளே, குப்புறப் படுத்திருந்த என் கையில். அவர் இழுக்கும்போது நான் விட வேண்டும்; நான் இழுக்கும்போது அவர். விடாமல் பிடித்தால் கம்பி அறுந்துவிடும். முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதும்.

"சகல, கொஞ்சம் விடுங்க" என்றார் லாரன்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

"நீங்க மொதல்ல விடுங்க சகல."

"நல்லா இருக்கீங்கய்யா ரெண்டு பேரும்" என்றார் பாய். மாமனார் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது கம்பியை நாங்கள் அறுக்கவில்லை. எப்படியோ தாளம் வந்துவிட்டது. கோடு போட்ட கண்ணாடிக்கு இருபுறமும் எங்கள் இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் வேர்த்து வழிந்தன.

கண்ணாடி மாறியது. மாமனார் பாயிடம் கேட்டார்: "மறுபடி ஒரு காய் விழுந்தா?"

"உள்ள ஃபிலிம் ஒட்டிட்டா, ஒடைஞ்சாலும் செதறாதுங்க. துணி மாதிரி தொங்கும்."

"அப்ப ஒட்டுங்க."

அதன்பிறகு பெயர். பாய் பட்டறையின் பக்கத்திலேயே ஸ்டிக்கர் வெட்டுகிறவர் இருந்தார். "பழையபடி ரெண்டு பேருதானே?" என்று கேட்டார். லாரன்ஸ் தலையாட்டுவதற்குள் மாமனார் சொன்னார்: "மூணு. எம் பேரப்புள்ளைங்க மூணு பேரு."

லாரன்ஸ் சிரித்தார். "போடுங்க, போடுங்க." கை மட்டும் சங்கடத்தோடு பாக்கெட்டுக்குள் போய்ப் பதுங்கியது. நிருபனின் கண் அதையெல்லாம் விடாது. எனக்கு நெஞ்சு நிறைந்தது, சரியாக ஸ்டிக்கர் ஒட்டி முடிக்கிறவரை. பெரிய எழுத்து இரண்டு பெயருக்குத்தான் இடம் கொடுத்தது. அமலி கீழே ஓரமாக, பொடி எழுத்தில். பெயர் விட்டுப்போயிருந்தால்கூட ஒரு தரம் பொறாமைப்பட்டு விட்டிருப்பேன். இப்போது எழுத்தின் அளவுக்கும் சேர்த்துப் பட வேண்டியதாயிற்று.

பசை காய்கிறவரை கதவை அடித்துச் சாத்தக் கூடாது, ஜன்னலைத் திறந்தே வைத்து மெல்லப் போங்கள் என்றார் பாய். அந்தக் கார் அவ்வளவு மெதுவாக ஓடியதை நான் பார்த்ததே இல்லை. டிராக்டர்கள் எங்களை முந்தின. மாமனார் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, வீடு வருகிறவரை உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருந்தார். தேவையே இல்லை, பாய் டேப் ஒட்டியிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, "ரெண்டு மாப்ளயும் சாப்புட வாங்க" என்றார்.

மறுநாள் கார் சென்னைக்குப் போனது. நான் என்றைக்கும் போக முடியாத வேகத்தில் என் மகளின் பெயர் போனது. அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டேன்.

கண்ணாடிக் கடைக்கு வருகிறேன். வாலிபரிடம், "அந்த மூணாவது பேரு எங்க பொண்ணு" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார்" என்றார். வளைந்த கண்ணாடி. எந்த வீட்டுச் சுவரிலும் நிமிர்ந்து நிற்காது. படம் மட்டும் எடுத்து லாரன்ஸுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. இப்போது அவருக்கு முழங்கால் வலி, கார் ஓட்டுவதில்லை.

"யாரு சகல வச்சிருக்கா?"

"ஒரத்தநாட்டுப் பையன். புதுசு மாதிரி வச்சிருக்கான். சத்தம்கூட ஒங்ககிட்ட இருந்ததவிட நல்லாருக்கு."

"ரொம்ப நல்லா வச்சிருக்கானா?" என்றார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். பல வருஷம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரல். அவரிடமிருந்து அன்றுதான் கேட்டேன். "வயித்தெரிச்சலா இருக்கு சகல" என்றேன். "எனக்கும்தான்" என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. மாமனார் போய்விட்டார். வீடு கைமாறி, தென்னை நின்ற இடத்தில் இப்போது யாரோ கார் ஷெட் போட்டிருக்கிறார்கள். இரண்டு மாப்ளைகளையும் ஒருசேரச் சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லை. பண்டிகைக்கு நாங்கள் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்கிறோம்.

புதுக் கண்ணாடி ஏறியது. கார் உறுமிக்கொண்டு புறவழிச்சாலையில் ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சுவரில் சாய்த்துவைத்திருந்த பழைய கண்ணாடியின் மூலையில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து ஒரு தட்டு தட்டினார். குப்பைக்கு எடுத்துப்போகிற ஆட்டோவில் முழுசாக ஏறாதாம். அதே சரசரப்பு. ஆனால் ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. கத்தரிப்பூ நிற ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு, மூன்று பெயரும் கலையாமல், ஈரத் துணி மாதிரி தொங்கியது. கடைக்காரர் அதைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினார்.