தண்ணீருக்கு எங்கள் வீட்டுச் சொல்

தெற்குவாசல் பக்கம் ஒரு பால்வாடியில் நான் படித்தபோது, டீச்சருக்குச் செல்லப்பிள்ளை நான்தான். மூலையில் இருந்த பானையிலிருந்து மற்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் உத்தியோகம் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் ஒரு சௌராஷ்டிரப் பிள்ளை வந்து சேர்ந்தாள். வீட்டில் அவர்கள் பாஷைதான் என்பதால் தமிழ் பேச வரவில்லை. ஊமைப் பிள்ளை என்றே நினைத்தோம். ஒருநாள் டீச்சர் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த மடி என் மடி.

"நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்ல பேசுறதைச் சொல்லணும்" என்றார் டீச்சர்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நம் பாஷை என்னவென்று கேட்டேன்.

"நமக்கென்னடி தனியா? ஊரே பேசுறதுதேன்."

அவளுக்கு மட்டும் தனியாக ஒன்று, எனக்குக் கிடையாதா என்று வயிறெரிந்தது.

மறுநாள் எழுந்து நின்று, "எங்க வீட்ல தண்ணியை 'கிட்டும்பா'ன்னு சொல்லுவோம்" என்றேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் விவசாயக் குடும்பத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது என்று டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எம்புட்டு நல்லா இருக்கு. எல்லாரும் சொல்லுங்க" என்றார். வகுப்பே கத்தியது. சௌராஷ்டிரப் பிள்ளை என்னையே பார்த்தபடி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மத்தியானம் உப்புமா சாப்பிட்டதும் அவள் பானையடிக்கு வந்தாள். டம்ளரை நீட்டினாள். சிரித்துக்கொண்டே, "கிட்டும்பா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடி போயிற்று, கைதட்டல் போயிற்று, ராவெல்லாம் யோசித்துப் பிடித்த ஒரே ஒரு சொல், அதையும் எடுத்துக்கொண்டாளே.

"அது எங்க வீட்டு வார்த்தை. நீ சொல்லக் கூடாது" என்று பானையைத் தட்டால் மூடினேன்.

நான் சொன்னது அவளுக்குப் புரிந்திருக்காது. மூடியது புரிந்தது. வெறும் டம்ளரோடு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை யாரிடமும் வாய் திறந்து தண்ணீர் கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள். அதுவும் என்னிடம், என் பாஷையில்.