புளி போட்டுத் தேய்த்த கடல் கல்

அண்ணே, உன் கல்லைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முந்தின நாள் அது. தென்னூர் வீட்டுக் கொல்லையில் அம்மா பித்தளைச் சொம்பு, தாம்பாளத்தோடு அதையும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"நாளைக்கு எல்லாரும் வருவாங்க. கன்னங்கரேல்னு இருக்கு. தேச்சா கொஞ்சம் பளிச்சுன்னு ஆவும்ல."

கறுப்புத் தண்ணீர் சாக்கடையை நோக்கி ஓடியது. கத்தினேன். அம்மா கையில் புளிச் சக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கத்தினேனே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அது உருளைக்கிழங்கு அளவுக் கல். கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போன கப்பலில் நீ கூலியாளாக வேலை பார்த்தபோது கொண்டு வந்தது. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வலை மேலே வருமாம். சேறும் கல்லுமாகக் கொட்டுவார்களாம். பைப் வைத்து அலசுவது உன் வேலை. ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னாய்:

"கல்லு மேல வெள்ளையா ஒண்ணு ஒட்டிட்டிருந்துச்சு. காளான் மாதிரி. உசுரு இருந்துச்சு. பைப்ப வெச்சு அடிச்சேன், சளி மாதிரி வழிஞ்சு போயிடுச்சு. ஒரு நகத்துக் கனம் வளர லட்சக்கணக்கான வருஷம் ஆவுமாம் இந்தக் கல்லு. நான் ஒரு நிமிஷத்துல வழிச்சு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நீ மீன் தொடவில்லை. குழம்பு வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவாய். காய்ந்தால் கல் உதிர்ந்துவிடும் என்று ஊறுகாய் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தாய். டெங்குவில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"அந்தக் கல்ல திருப்பிக் கடல்லயே போட்டுரு. மறந்துராத."

மறக்கவில்லை. மனசு வரவில்லை. உன்னை அடக்கின கபர்ஸ்தானுக்குப் பொம்பளைகளை விட மாட்டார்கள். உன்னுடையது என்று நான் தொட்டுப் பார்க்க அந்த பாட்டில்தான் இருந்தது. நாற்பது நாள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கே போட்டிருந்தால் முழுசாகப் போயிருக்கும்.

புளியில் தேய்த்து வெயிலில் வைத்த கல் மறுநாள் பிளந்துகிடந்தது. நடுவில் ஒரு பல்.

அத்தாவின் அண்ணன், நம் பெரியத்தா, அதைத் தாம்பாளத்தில் வைத்து வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார்.

"சுறாப் பல்லுப்பா! அத சுத்தித்தான் கல்லு வளந்திருக்கு. செல்போன் பேட்டரிக்கு இந்தக் கல்லுதானாம். பய ஒரு மூட்டை கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"பல்ல லாக்கெட் பண்ணிப் போட்டுக்கங்க மச்சான்," என்றார் ஒருவர்.

சிரித்தார்கள். உனக்கு ஓதி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லைத் தடவித் தடவிப் பெரியத்தாவின் விரலெல்லாம் கறுப்பு. நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டுக்குப் போட்ட வெள்ளை விரிப்பில் துடைத்தார். மிச்சக் கறுப்போடு நெய்ச்சோற்றைப் பிசைந்து, எலும்பை உறிஞ்சி, விரலை நக்கினார். கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், துண்டுகளையும் பல்லையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

"எங்க எடுத்துட்டுப் போற? எட்டாவது படிச்ச உனக்கு அதோட அருமை என்ன தெரியும்?"

"அண்ணன் சொன்னது தெரியும் பெரியத்தா."

கடல் தூரம். ஆறு பக்கம். ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து அம்மா மண்டபத்தில் இறங்கினேன். படித்துறையில் பூ விற்ற அக்கா என் முடிச்சைப் பார்த்தாள்.

"என்னம்மா, அஸ்தியா?"

"இல்லக்கா. கல்லு. கடல்ல போடணும்."

"இங்கயே போடு தாயி. எல்லாம் அங்கதான போவுது."

குனிந்தேன். கணுக்கால் தண்ணீர். ஷாம்பு பாக்கெட், யாரோ அவிழ்த்துப் போட்ட வேட்டி, உப்பிப்போன சோறு, அதன்மேல் நுரை. நீ எதை வழித்துத் தள்ளினாயோ அதே மாதிரி சளி. இதிலா உன்னைப் போடுவது? முடிச்சு கையிலேயே இருந்தது. ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நாகூருக்கு பஸ் ஏறினேன். கரையெல்லாம் மீன் செதிலும் கிழிந்த வலையும். மூக்கைப் பொத்திக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனேன். அதற்குமேல் பயம். கல்துண்டுகள் முங்கின. பல் மட்டும் அலையோடு என் காலடிக்கே வந்தது. எடுத்து, முடிந்த மட்டும் தூரமாக வீசினேன். பிறகு வரவில்லை.

அவ்வளவு ஆழத்தில் கிடந்ததை முழங்கால் தண்ணீரில் போட்டேன், அண்ணே. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களே, என்னால் அவன் கபர் பக்கம் போக முடியாது. நீங்கள் யாரைக் கும்பிட்டாலும் சரி, ஒரு தடவை அவனுக்காகக் கேளுங்கள். பைப் பிடித்த அந்தக் கையை அல்லாஹ் மன்னிக்கட்டும். எந்த நாற்றமும் எட்டாத இடத்தில் அவனைத் தூங்க வைக்கட்டும்.