உம்மா ஓட்டினால் நிற்கும் கார்

எங்கள் கார் உம்மா ஓட்டினால் மட்டும்தான் நிற்கும் என்பது வாப்பாவின் கட்சி. ஐம்பது வயதுக்கு மேல் லைசன்ஸ் எடுத்த உம்மா, கடுகண்ணாவைக்குக் கீழேயிருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுக் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பும்போது, ஏற்றத்தில் இன்ஜின், லைட், ஹோர்ன் எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். உம்மா கிளச்சைச் சட்டென்று விடுகிறார் என்றார் வாப்பா. எழுபதுகளில் வந்த அந்த ஜப்பான் காரைக் குண்டசாலையில் ஒருவருக்கு விற்கவும் பேசிவிட்டார். விற்றால் உம்மா மறுபடியும் பஸ்ஸில்தான்.

நான் மின்னியல் படித்தவள். முற்றத்தில் வைத்து வரிசையாகப் பார்த்தேன்: பெட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், பியூஸ் பெட்டி. கடைசியாக, பெட்டரியை ஒட்டியிருக்கும் பியூசிபிள் லிங்க். விரல் நீளமுள்ள ஒரு வயர்தான். காருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே போகிறது. எங்காவது ஷோர்ட் ஆனால் அது உருகி மற்ற வயர்களைக் காப்பாற்றும். மீட்டரில் அதன் இரண்டு பக்கமும் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. எல்லாம் சரி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். திரும்பும்போது வாப்பா ஓட்டினார், உம்மா பின்னால். ஏற்றத்தில் மூடுபனி. எதிரில் வந்த வாகனங்களெல்லாம் லைட் போட்டிருந்தன, வாப்பா போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பகல்ல என்னத்துக்கு மகள்? பெட்டரி எறங்கிப் போகும்."

வைப்பரைக்கூட ஒரு தரம் அசைத்துவிட்டு நிறுத்தினார். உம்மாவோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி மூடுபனியில் லைட்டும் வைப்பரும் போட்டு, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிப்பவர். அப்போதுதான் விளங்கியது. முற்றத்தில் நானும் வாப்பாவைப் போல ஒன்றையும் போடாமல்தான் அளந்திருக்கிறேன். மின்சாரத்தை எதுவும் இழுக்காதபோது பழுதான வயரும் பன்னிரண்டு காட்டும்.

உம்மா ஓட்டுவதுபோல் ஓட்டச் சொன்னேன். வாப்பா எல்லாவற்றையும் போட்டார். சில வளைவுகள் தாண்டியதும் கார் செத்தது. ஓரத்தில் ஒதுக்கி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"நீங்களும் கிளச்ச டக்கெண்டு உட்டுட்டீங்களோ?" என்றார் உம்மா பின்னாலிருந்து.

வாப்பா இறங்கிப் பொனட்டைத் திறந்தார். லைட் சுவிட்சைப் போட்டபடியே வைத்து அளந்தேன். லிங்கின் பெட்டரிப் பக்கம் பன்னிரண்டு. மறுபக்கம் இரண்டுகூட இல்லை. பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு லிங்கை இழுத்தேன். ரப்பர்போல நீண்டது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து ஒன்றிரண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தன. இன்ஜினுக்கு மட்டும் அது போதும், லைட்டும் சேர்ந்தால் சூடாகித் தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் மறுபடி பிடிக்கும்.

தடித்த வயர் ஒன்றைக் கட்டிவிடலாமே என்றார் வாப்பா. அது உருகாது, எங்காவது ஷோர்ட் ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் எரியும் என்றேன். மூடுபனி விலகும்வரை அங்கேயே இருந்து, பெரியம்மா கட்டிக்கொடுத்த இனிப்பான வட்டிலப்பத்தை விரலால் வழித்துச் சாப்பிட்டோம். பிறகு பெட்டரி வயரை மாட்டி, லைட் போடாமல் மெதுவாக வீடு வந்தோம்.

மறுநாள் உரிய அளவில் லிங்க் வாங்கி மாற்றினேன். மற்ற வயர்கள் எங்கும் உரசியிருக்கவில்லை. பழையதற்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் போட்டு அளந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அன்று மாலை குண்டசாலைக்காரர் வாப்பாவுக்குப் போன் எடுத்தார். கார் எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அத ஓட்டுறவங்ககிட்டத்தான் கேக்கணும்" என்று வாப்பா போனை உம்மாவிடம் நீட்டினார்.

உம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைக் காட்டி, "குடுக்கிறதில்லெண்டு சொல்லுங்க" என்றார்.