தண்ணி முடக்கு வரைக்கும் ஒரு டிக்கட்

போன செவ்வாய்க்கிழமை பலாங்கொடைப் பக்கம் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கஹவத்தைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த பரமேஸ்வரிக்கு, கல்யாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது. எட்டாம் மாதம். பிரஷர் இருப்பதால் ஒவ்வொரு புதன்கிழமையும் பலாங்கொடைக்கு கிளினிக் வர வேண்டும். "ஒரு கிளினிக்குக்காச்சும் என்கூட வாயேன் புள்ள, ஒரு தெம்பா இருக்கும்" என்று போனில் கேட்டாள். இரண்டு நாள் லீவு போட்டேன். வழக்கமாக என் பதிவுகளைப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும், இதில் அருவியும் கிடையாது, பனிமூட்டமும் கிடையாது. கோபம்தான் இருக்கிறது.

முதலில் பாதை. புறக்கோட்டையில் காலை 5.30க்கு பஸ் ஏறினேன். பலாங்கொடைக்கு 480 ரூபாய். அவிசாவளையில் பத்து நிமிஷம் தேநீருக்கு நிறுத்தினார்கள். இரத்தினபுரி தாண்டியதும் கூட்டம் குறைந்தது, பெல்மதுளையில் ஜன்னலோர சீட் கிடைத்தது. 9.50க்கு இறங்கினேன். பரமேஸ்வரி இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு அடுத்த பஸ் 11.15க்கு. நாளுக்கு மூன்றே தடவைதான் மேலே போகிறது, ஆகவே இதைத் தவற விட்டால் மூவீல் ஆட்டோவுக்கு 2,500 ரூபாய் அழ வேண்டும். தோட்டத்தின் பெயரையும், பஸ் எந்த டிப்போவுடையது என்பதையும் எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களின் வயிற்றில் அடிக்க எனக்கு ஆசையில்லை.

வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்றிருந்தது. முன் கண்ணாடியில் 'சொகுசு' என்ற ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. நெற்றியில் 'கொழும்பு' என்று எழுதி, அதன் மேல் பெயின்ட் பூசியிருந்தார்கள். ஒரு காலத்தில் கொழும்புக்கு ஓடிய வண்டி. அங்கே சலித்ததும் இரத்தினபுரிக்கு, அங்கேயும் முடியாமல் போனதும் கிராமத்து லைனுக்கு, கடைசியில் இந்த மலைக்கு. சமதரையில் மூச்சு வாங்கும் வண்டியை மலை ஏற அனுப்பியிருக்கிறார்கள். இதை யோசித்தவன் ஒரு நாளாவது அந்த மலையில் ஏறியிருப்பானா?

பதினான்காவது கிலோமீட்டரில் தண்ணி முடக்கு வரும். முடக்கு என்றால் வளைவு. டிரைவர் அங்கே நிறுத்தி, ஓடையில் தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவார், அதனால் அந்தப் பெயர். அங்கிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷன் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, 2.7 கிலோமீட்டர், ஒரே ஏற்றம். ஆள் நிறைந்த பஸ் அதில் ஏறாது. ஆகவே யாரும் சொல்லாமலே எல்லாரும் இறங்கிவிடுவார்கள். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கேன், நடக்க முடியாதவர்கள் மட்டும் உள்ளே. மற்றவர்கள் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி, மேலே போய்த் தங்கள் மூட்டையை எடுத்துக்கொள்வார்கள். பல நாள் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்விடுவார்களாம். காலையில் இறங்கும்போதும் அப்படித்தான். அப்போது பிரேக்குக்குப் பயந்து. மேலேயிருந்து முடக்கு வரை நடந்து வந்து அங்கே ஏறுவார்கள்.

கண்டக்டர் விமல் அய்யாவைப் (பெயர் மாற்றியிருக்கிறேன்) பற்றிச் சொல்ல வேண்டும். சிங்களவர், இருபது வருஷம் இந்த லைனில் ஓடித் தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார். மேல் டிவிஷனுக்கு டிக்கட் 112 ரூபாய். நான் காசை நீட்டியதும், "எதுக்கு நங்கி? முடக்கு வரைக்கும் எடுங்க, தொண்ணூறு. நீங்க நடக்கிற தூரத்துக்கு நான் காசு வாங்கினா பாவம் இல்லியா?" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. நல்ல மனுஷன் என்று சந்தோஷமாக தொண்ணூறைக் கொடுத்தேன். இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள்.

பரமேஸ்வரி லயத்து வாசலில் நின்றிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரொட்டியும் சம்பலும் வைத்தாள். சாப்பிடும்போதே விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த மாசம் ஒண்ணாந் தேதியிலருந்து பஸ்ஸு மேல வராதாம். முடக்குலயே திருப்பிருவாங்களாம். பஸ்ஸுக்குள்ள சிங்களத்துல ஒட்டியிருக்கே, நீ பாக்கலியா?"

பார்த்தேன், படிக்கவில்லை. ஏதோ வழக்கமான அறிவித்தல் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப நீ எப்படிப் போவ?"

"எப்படிப் போறது? நடக்கணும், இல்லாட்டி மூவீலு. ரெண்டு நாள் சம்பளம் போயிரும் புள்ள. நடந்தா பிரஷர் ஏறும்னு டாக்டர் மிஸ் திட்டுறாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு. என்னால பயந்துகிட்டே இருக்க முடியல." அழவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை 6.10 பஸ். அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு நான் மற்றவர்களோடு முடக்கு வரை நடந்தேன். பலாங்கொடையில் அவளைக் கிளினிக் வரிசையில் விட்டுவிட்டு, பக்கத்து ஊரிலுள்ள அந்த டிப்போவுக்குப் போனேன். பஸ்ஸில் 25 நிமிஷம். சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன்.

எந்த பஸ் எந்த லைனுக்கு என்று பிரிக்கிற அதிகாரி தன்மையானவர். கதிரை போட்டு, பிளேன்டீயும் வரவழைத்துக் கொடுத்தார். திட்ட வந்த இடத்தில் தேநீர் கொடுத்தால் மனிதர் என்ன செய்வது? அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் பஸ் நம்பர் எழுதிய தகரத்துண்டு. மேல் வரிசை கொழும்பு, அடுத்து இரத்தினபுரி, அப்புறம் கிராமங்கள். ஆகக் கீழே, கடைசி ஆணியில் நம்ம தோட்டம். புது பஸ் வந்தால் மேல் ஆணிக்கு. மற்றதெல்லாம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். கடைசி ஆணியிலிருந்து இறங்கினால் பழைய இரும்புக் கடை.

"ஏற்றமுள்ள லைனுக்குத்தானே நல்ல எஞ்சின் வேண்டும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"அந்த ரோட்டில் நல்ல பஸ்ஸை விட்டால் ஆறு மாதத்தில் நாசம், மிஸ்" என்றார். பிறகு டிக்கட் மெஷின் விபரம் அச்சடித்த தாளைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எத்தனை டிக்கட் என்று இருந்தது. தண்ணி முடக்கு வரை எண்கள். மேல் டிவிஷனுக்கு நேரே பூச்சியம். அடுத்த நாள் பூச்சியம். அதற்கடுத்த நாளும் பூச்சியம். "மூன்று வருஷமாக ஒரு டிக்கட் இல்லை. ஆளே போகாத இடத்துக்கு நான் எப்படி பஸ் அனுப்புவது? நீங்களே சொல்லுங்கள்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ்ஸுக்குக் கஷ்டம் என்று இறங்கி நடந்த சனம். நடப்பவர்களுக்குக் கஷ்டம் என்று காசு குறைத்த கண்டக்டர். இரண்டு பேருடைய நல்ல மனசும் சேர்ந்து, மேல் டிவிஷனில் மனிதர்களே இல்லை என்று எழுதிவிட்டது. நடக்க முடியாமல் பஸ்ஸிலேயே போகும் பரமேஸ்வரிக்கும் விமல் அய்யா தொண்ணூறுக்குத்தான் போட்டிருக்கிறார். அவளும் அந்தத் தாளில் இல்லை. வயிற்றிலிருக்கிற பிள்ளையோடு சேர்த்து இல்லை.

விளக்கிச் சொன்னேன். கத்தியும் சொன்னேன், பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள், அரைநாள் வேலைதான் என்றேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மெஷினில் டிக்கட் விழட்டும், பார்ப்போம்" என்றார். மூன்று தலைமுறையாக அந்த லயங்களில் சனம் இருக்கிறது. இருக்கிறார்கள் என்பதற்கு இவருக்கு மெஷின் சாட்சி சொல்ல வேண்டும்!

வெளியே வந்த பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பரமேஸ்வரி வீட்டுக்கு முதன்முதலாகப் போய் வந்து, இதே தளத்தில் எழுதினேனே: "முடக்கு வரைக்கும் டிக்கட் எடுத்தால் போதும், 22 ரூபாய் மிச்சம், குறுக்குப் பாதை நடை அருமை." கெட்டிக்காரத்தனமாம். உங்களில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டுப் போனீர்களோ தெரியாது. அந்தப் பூச்சியத்தில் என் கையும் இருக்கிறது.

மத்தியானம் 1.30 பஸ்ஸில் திரும்பினோம். பரமேஸ்வரிக்குப் பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது, மாத்திரை மாற்றியிருந்தார்கள். விமல் அய்யாவிடம் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அனே நங்கி... நான் பாவம் பாத்துதானே செஞ்சேன்" என்றார் இரண்டு தடவை.

பரமேஸ்வரி சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னாலே வியர்க்கிறவள். "எல்லாரும் மேல வரைக்கும் டிக்கட் எடுங்க. இல்லாட்டி நம்ம யாருமே அங்க இல்லன்னு பஸ்ஸ நிப்பாட்டிருவாங்க."

"நடக்கிறதுக்கும் காசா? நல்லா இருக்கே ஞாயம்!" என்று பின்னாலிருந்து ஓர் அக்கா சத்தம் போட்டார்.

"ஞாயம் இல்லதான் அக்கா. இருந்தாலும் எடுங்க. அரிசி மூட்டைய முடக்குலருந்து நீங்களா தூக்குவீங்க?"

அந்த அக்கா முணுமுணுத்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். மெஷின் கிர்ர் கிர்ரென்று சீட்டைக் கக்கியது. முப்பத்தொரு டிக்கட். முடக்கு வந்ததும், பழக்க தோஷம், எல்லாரும் இறங்கினார்கள். மேல் டிவிஷனுக்குக் காசு கொடுத்த டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேல் டிவிஷனுக்கு நடந்தார்கள். நானும் நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு (தோட்டத்தின் பெயர் தெரியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதிக் கேளுங்கள்): பலாங்கொடையிலிருந்து பஸ் காலை 5.00, 11.15, மத்தியானம் 1.30. மேலேயிருந்து 6.10, 12.20, 2.40. ஞாயிறு கிடையாது. சில்லறை கொண்டு போங்கள், வழுக்காத ரப்பர் அடியுள்ள செருப்புப் போடுங்கள், குறுக்குப் பாதையில் அட்டை இருக்கும், கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ கையில் வையுங்கள். என் பழைய பதிவைத் திருத்திவிட்டேன். யார் என்ன சொன்னாலும், விமல் அய்யாவே மறந்துபோய்த் தொண்ணூறு கேட்டாலும், மேல் டிவிஷன் வரைக்கும் 112 ரூபாய் கொடுத்து டிக்கட் எடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் போனால் இன்னும் நல்லது.

இன்று திங்கட்கிழமை. கிளினிக் புதன்தானே என்று காலையில் சும்மா போன் எடுத்தால், பரமேஸ்வரியின் குரலுக்குப் பின்னால் பஸ் சத்தம்.

"எங்க புள்ள போற? ஏதும் முடியலியா?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான். டவுனுக்குப் போயிட்டு அடுத்த பஸ்லயே வந்துருவேன்."

"சும்மா என்னத்துக்குடி போற, இந்தக் காலோட?"

"இன்னைக்கி மழை. யாரும் வரல. மெஷின்ல பூச்சியம் விழுந்துரும்ல."