சந்தனம் பட்ட இடம்

என் பெரியப்பா மகனுக்கு சிறுசேரியில் வேலை. அவன் அங்கே என்ன செய்கிறான் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாததை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, வாசலுக்கே வந்து நிற்கும் வண்டி. இதற்கு மேல் ஒரு வேலையில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? நான் என்ன செய்கிறேன் என்பது மட்டும் எல்லோருக்கும் விளக்கமாகத் தெரிந்தாக வேண்டும். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, கீழ்க்கட்டளையிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி, தாம்பரம் தாண்டி ஒரு தகரக்கூரைத் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவள் வாழ்க்கையில் எங்கோ சறுக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

விசேஷ வீடுகளில் அத்தைமார்கள் சுற்றி வளைத்துக் கேட்கும்போது நானும் விடாமல் விளக்குவேன். அலுமினியத் தகட்டின் மேல், வெளிச்சம் பட்டால் இறுகிப்போகும் ஒரு பூச்சு. லேசர் பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் கழுவினால் போய்விடும். நிற்கிற இடத்தில் மை பிடிக்கும். கையில் வைத்திருக்கிறீர்களே இந்தக் கல்யாணப் பத்திரிகை, இது அப்படி ஒரு தகட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் காற்று பட்டால் அந்தப் பூச்சு ஒழுங்காக இறுகாது. அதனால் காற்றைத் தடுக்க அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. அந்த மேல்பூச்சைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

"அவ்ளோதானா?" என்பார் அத்தை. பிறகு பேச்சு சிறுசேரிக்குப் போய்விடும்.

அவ்வளவுதான் அத்தை. ஆனால் அந்த அவ்வளவில்தான் என் தலைமுடி நரைத்தது. உலகம் முழுவதும் இந்த மேல்பூச்சுக்குப் பயன்படுத்தும் பொருளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் ஈரம் கொஞ்சம் கூடினால் போதும், பிசுபிசுத்துவிடும். மாவு தூவாமல் அடுக்கிய சப்பாத்தி போலத் தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் 'உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்' என்று அச்சடித்திருப்பார்கள். சென்னையில் அப்படி ஓர் இடம் ஏடிஎம் அறை மட்டும்தான். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள அச்சகக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தகடுகளைப் பிரித்தெடுக்கப் படும் பாட்டை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் வந்து பார்க்கப் போவதில்லை. ஈரத்துக்கு அசையாத ஒரு மேல்பூச்சு வேண்டும். அதைத்தான் வருடக்கணக்காகக் கலக்கி, பூசி, காயவைத்து, கழுவி, தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளி கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உரிய தேதியில் சம்பளம் தருவார், தீபாவளிக்கு இனிப்பு தருவார், உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் 'ஆராய்ச்சி' என்ற சொல்லை மட்டும், நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார். போன வருடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுத் தகடுகளையே கண்டெய்னரில் இறக்கி விற்கப் போவதாகவும், அதற்கு கோடவுன் தேவைப்படுவதாகவும், லேப் இருக்கும் இடம் தோதாக இருப்பதாகவும் மிக மரியாதையாகச் சொன்னார். ஆயுத பூஜை முடிந்ததும் என் தகடுகளை ஒரு அச்சகத்தில் ஓட்டிப் பார்ப்பது என்றும், சரியாக வந்தால் லேப் இருக்கும், இல்லையென்றால் கோடவுன் என்றும் முடிவானது. என்னோடு லேப்பில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கு வயது நாற்பத்தெட்டு. மேல்பூச்சு மட்டுமே தெரிந்த நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்?

சோதனைக்கான தகடுகளை எங்கள் மஞ்சள் அறையில் பூசி முடித்தோம். இந்தப் பூச்சுக்கு மஞ்சள் வெளிச்சம் ஒன்றும் செய்யாது, சாதாரண டியூப் லைட் ஆகாது. அதனால்தான் அந்த அறை. தகடுகளுக்கு நடுவே தாள் வைத்து, கறுப்பு உறைக்குள் போட்டு, பெட்டியில் அடைத்து, 'வெளிச்சம் படக்கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பூஜையன்று காலை, இயந்திரங்களுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருந்த முதலாளி, பெட்டியையும் சாமி முன்னால் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. வேண்டிக்கொள்ள எனக்கும் நிறைய இருந்தது.

அப்போதுதான் முதலாளியின் மனைவி கவனித்தார். "பூசணிக்காய் எங்கங்க?"

"மேடத்த அனுப்பலாம். அவங்கதான் பாத்து வாங்குவாங்க" என்றார் முதலாளி. முனைவர் பட்டத்தில் பூசணிக்காயும் ஒரு பாடம் என்று அவர் நினைத்திருக்கலாம். தாம்பரம் மார்க்கெட்டில் அன்றைக்கு ஊரே பூசணிக்காய் வாங்கிக்கொண்டிருந்தது. ஜிஎஸ்டி சாலையில் ஆட்டோ நகரவில்லை. நான் திரும்பியபோது பூஜை முடிந்து, பாதிப் பேர் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள்; லேப் பெண்கள் வீட்டுப் பூஜைக்கென்று முன்பே போயிருந்தார்கள். முதலாளி காய்க்காக மட்டும் வாசலில் காத்திருந்தார். பெட்டி வைத்த இடத்திலேயே, மேலே ஒரு முழம் பூவோடு, ஒழுங்காக ஒட்டப்பட்டு இருந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்ததாக நினைத்துக்கொண்டு நானும் பொரி வாங்கிக்கொண்டேன்.

அச்சகம் பல்லாவரத்தில். அதை நடத்தும் பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர்; பத்திரிகைகளும் காலண்டர்களும் அடிப்பவர். சோதனையன்று விடாத மழை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது. அவருடைய மஞ்சள் விளக்கு அறையில் பெட்டியைத் திறந்து முதல் தகட்டை எடுத்தேன். நடுவில் இருந்த தாள் தானாக நழுவி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒன்றுகூட ஒட்டவில்லை. தகட்டின் மேல் ஏதோ தூசு மாதிரி இருந்தது, ஊதிவிட்டேன். அந்த நிமிடம் நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை. என் கணவர் இதைப் படிக்க மாட்டார்.

பூ வேலைப்பாடு நிறைந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை லேசரில் பதித்து, கழுவி, இயந்திரத்தில் ஏற்றினோம். வெளியே வந்த தாள் முழுக்கக் கறுப்பு. மணமக்கள், முகூர்த்தம், பூ எல்லாம் கறுப்புக்குள் போய்விட்டன. அடுத்த தகடும் கறுப்பு. அதற்கடுத்ததும். முதலாளிக்கு ஃபோன் செய்தேன்.

"பரவால்ல மேடம், நீங்களும் ட்ரை பண்ணீங்க" என்றார். ஆறுதல் அவ்வளவு தயாராக இருந்தது. "கண்டெய்னர் கிளம்பிடுச்சு. லேப்ப காலி பண்றத மட்டும் பாத்துக்கங்க."

மைநாற்றத்துக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பாய் டீ வரவழைத்தார். அழுகிறவரைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், மூணு எடத்துல மட்டும் சூப்பரா வந்துகீதே. இன்னா மேட்டரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கறுப்புக்கு நடுவே, வரிசையாக மூன்று சின்ன வட்டங்கள். வட்டங்களுக்குள் பத்திரிகையின் பூக்கள், இதழ் இதழாக, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வந்திருந்தன. எல்லாத் தாள்களிலும் அதே மூன்று வட்டங்கள்.

"இத நான் எங்கியோ பாத்துகீறேன்" என்று பாய் ஃபோனை எடுத்துத் தேடினார். "தோ, உங்க மொதலாளி அனுப்புன பூஜ வாழ்த்து."

அந்தப் படம் எனக்கும் வந்திருந்தது. காலை வணக்கங்களுக்குப் பயந்து ஆபீஸ் குரூப்பை நான் திறப்பதே இல்லை. படத்தில் டியூப் லைட்டுகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மேசையில் என் தகடுகள் உறையைவிட்டு வெளியே வந்து வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் மூன்று சந்தனப் பொட்டு. பின்னால் முதலாளியும் அவர் மனைவியும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பழையபடி ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பதைச் சாமி எப்படிப் பார்ப்பார் என்று அவர்களுக்குக் கவலை. எனக்குத் தெரிந்த சாமி மூடிய பெட்டிக்குள்ளும் பார்ப்பார்.

எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்தது. வெளிச்சத்தில் கிடந்ததால் தகடு முழுவதும் இறுகி, முழுவதும் மை பிடித்திருக்கிறது. சந்தனம் மறைத்த இடம் மட்டும் தப்பித்திருக்கிறது. அந்த இடத்தில் பூச்சு அருமையாக வேலை செய்திருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், பன்னீர் விட்டுக் குழைத்த ஈரச் சந்தனம் அது. வெளிநாட்டுத் தகடாக இருந்தால் பொட்டு வைத்த இடத்தில் மேல்பூச்சு கரைந்து வந்திருக்கும். என்னுடையது அசையவில்லை. இத்தனை வருடத்தில் என் மேல்பூச்சுக்கு இவ்வளவு கடுமையான சோதனையை நானே வைத்ததில்லை. முதலாளி மோதிர விரலால் வைத்திருந்தார்.

மறுநாள் தாளையும் படத்தையும் அவர் மேசையில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாக விளக்கினேன். அவர் மனைவியும் அன்று வந்திருந்தார். முதலாளி தாளைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டிப் பார்த்தார். மூன்று வட்டங்களையும் விரலால் தடவினார். அவர் முகத்தில் ஒரு பரவசம்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். பிறகு என்னிடம், "சாமி தொட்ட இடம் மட்டும் எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க மேடம். மத்த இடத்துலதான் உங்க ஃபார்முலா சொதப்பியிருக்கு."

இவருக்கு ஒளி வேதியியல் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் கண்டெய்னர் துறைமுகத்துக்கு வந்துவிடும். லேப் பெண்கள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆமா சார்" என்றேன். "மூணு பொட்டு பத்தல. புதுசா பூசி, இந்தத் தடவ பெட்டி முழுசா சந்தனம் தடவிடறேன். ஆனா சாமிக்கு வச்ச சந்தனம் கலையக் கூடாது. பிரஸ் போற வரைக்கும் பெட்டிய யாரும் திறக்காம இருக்கணும். ஒரே ஒரு தடவ சார்."

அவர் யோசித்தார். "தடவட்டுமேங்க, சந்தனம்தானே" என்றார் மனைவி.

அடுத்த வாரம், அதே மழையில், சந்தனக் கட்டி போல மணக்கும் ஒரு பெட்டியை பாயின் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். தகடுகள் ஒட்டவில்லை. பத்திரிகை பளிச்சென்று வந்தது. பாய் ஆர்டரை முடித்து, மாப்பிள்ளை வீட்டாருக்கே அனுப்பிவிட்டார். கண்டெய்னர் வந்தபோது முதலாளி சரக்கை நாவலூர் பக்கம் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து இறக்கினார். லேப் பிழைத்தது.

அதற்கப்புறம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று முதலாளியே கிளம்பினார். ஆராய்ச்சி என்ற சொல்லை இப்போது உரக்கச் சொல்கிறார். அந்த வேலையைப் பார்த்துக்கொடுக்கும் வக்கீல் ஒருநாள் ஃபோனில் வந்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தார்.

"மேடம், அடுக்குகள் எல்லாம் புரிஞ்சுது" என்றார் வக்கீல். "சார் கடைசியா சந்தன அடுக்குன்னு ஒண்ணு சேர்க்கச் சொல்றாரு. அது அவரோட ஐடியா, அதனால கண்டுபிடிச்சவங்க வரிசையில அவர் பேர் முதல்ல வரும்னு சொல்றாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்தச் சந்தனம் நிஜமாவே ஏதாச்சும் வேலை செய்யுதா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. மனசார நம்பும் ஒரு மனிதனின் முகம் அது. அவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு பெண்களும் புதுத் தகட்டில் என் மேல்பூச்சைப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"செய்யுது" என்றேன். "வெளிச்சத்த மறைக்கும். கீழே இருக்கிற பூச்சக் காப்பாத்தும். சோதனையிலயே தெரிஞ்சிருக்கு."

"அப்ப சரி, எழுதிடறேன்" என்றார் வக்கீல். முதலாளி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்காவது திருத்திக்கொள்ளலாம்.