அம்மாவின் வெந்நீர்க் குளம்

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். நீச்சல் குளத்தைப் பற்றி எழுதுவேன் என்று ஆண்டாள் தாயார் மேல் சத்தியமாக நான் நினைத்ததில்லை. ஆனால் தொண்ணூறுகளில் ஒரு வருஷம், தையும் மாசியும் முழுக்க, காலையில் சேலையோடு ஒரு நீச்சல் குளத்துக்குள் இறங்கி நின்றிருக்கிறேன். நீந்துவதற்கு இல்லை. நீந்த எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தக் குளம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஃபேக்டரி முதலாளியின் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த ஃபேக்டரியில் ஃபிட்டர். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்காக முதலாளி கட்டிய சின்னக் குளம் அது. அவர்கள் வராத மாதங்களில் வேப்பிலையும் தவளையும்தான் அதில் நீந்தும்.

அந்த வருஷம் ஐப்பசியில் முதலாளியின் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. அவரை எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இளஞ்சூடான தண்ணீரில் இடுப்பளவு நின்று தினமும் நடந்து பழகினால் கால் திரும்பும் என்று மார்கழியில் மதுரை டாக்டர் சொன்னார். அடுத்த வாரமே குளத்துத் தண்ணீரைச் சுட வைக்கிற ஹீட்டர் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. என் வீட்டுக்காரர் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டார். கூட வந்திருந்த எலக்ட்ரீஷியன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று நடக்கும் ஆண்டாள் திருக்கல்யாணத்தை, தான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவர் ஒரு தடவைகூட விட்டதில்லை. "சேர்ல தூக்கிக்கிட்டுப் போயி எறக்குனீங்கன்னா நான் கண்ணையே தொறக்க மாட்டேன். கல்யாண வீட்டுக்கு நடந்துதான் போவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். முதலாளிக்கே அது நன்றாகத் தெரியும்.

குளத்தில் தனியாக இறங்க அம்மாவுக்குப் பயம். "ஃபிட்டர் சம்சாரம் நல்லா நெட்டையா இருக்கா. அவ கையைப் பிடிச்சா நான் முங்க மாட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தெருவில் ஈரச் சேலையோடு வருகிற என்னைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி, "என்னக்கா, நீச்சப் போட்டியில கப்பு எதுவும் குடுத்தாங்களா?" என்பாள். நானும், "அடுத்த வருஷம் நீயும் சேந்துக்கோ" என்பேன்.

அம்மா ஒவ்வொரு படியாக "கோவிந்தா" சொல்லி இறங்குவார். கடைசிப் படி தாண்டி நின்றால் சுவரில் தண்ணீர் வருகிற வாய் இருக்கும். வெந்நீர் அதிலிருந்து கன்றுக்குட்டி முட்டுவது மாதிரி இடுப்பில் வந்து முட்டும். "இங்க ரா, செத்த நேரம் இங்க நிப்போம்" என்பார். ரா என்றால் அவர்கள் வீட்டுத் தெலுங்கில் வா. அந்தச் சூடு பட்டதும் இழுத்துப் பிடித்திருந்த கால் மெல்ல விடும். பிறகு சுவரோரமாக நடப்போம். தை கடைசியில் என் கையை விட்டு ஓர் எட்டு தனியாக வைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர், "ஏட்டி, குளத்துல இருக்க தண்ணி பத்தாதா?" என்றார்.

மாசி பிறந்ததும் ஹீட்டர் நிற்க ஆரம்பித்தது. போட்டுக் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும், அணைந்துவிடும். ராத்திரி சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார்.

"குளத்துத் தண்ணிய மோட்டார் இழுக்கும். மணல் ஃபில்டர்ல வடிகட்டி ஹீட்டருக்குள்ள தள்ளும். சூடான பொறவு செவுத்து வாய் வழியா மறுபடி குளத்துக்கே வந்துரும். தண்ணி வேகமா ஓடலைன்னா ஹீட்டர் தன்னால நின்னுரும். இல்லன்னா உள்ள இருக்க காயில் வெந்துபோகும்."

"அப்ப குளிச்ச தண்ணியிலயேதான் திரும்பக் குளிக்கோமா?"

"ஏட்டி, அதை மட்டும் அம்மாகிட்டச் சொல்லிராத. மடி ஆச்சாரம் பாக்குறவங்க, பொறவு குளத்துப் பக்கமே வர மாட்டாங்க."

தண்ணீர் ஏன் வேகமாக ஓடவில்லை என்பதற்கு அவரிடம் தினமும் ஒரு காரணம் இருந்தது. முதலில் வோல்டேஜ் என்றார். அடுத்து மோட்டாருக்கு முன்னால் குப்பை தங்குகிற கூடையைத் திறந்தார். ஒரு பிடி வேப்பிலையும், அவரைவிடப் பயந்துபோன ஒரு தவளையும் வெளியே வந்தன. "அம்புட்டுதான், சரியாப்போச்சு" என்றார். சரியாகவில்லை. மோட்டாரில் காற்று அடைத்திருக்கிறது என்று காற்றை எடுத்தார். ஃபில்டர் மணலைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கும் என்று ஹீட்டரையே பிரித்தார். உள்ளே பொங்கல் வைக்க வாங்கிய புதுப் பானை மாதிரி மினுமினுவென்று இருந்தது. ஃபில்டர் மேல் இருந்த பிரஷர் மீட்டரின் முள் மட்டும் நாளுக்கு நாள் மேலே ஏறியது. "கழுவுன ஃபில்டர்ல எப்படி பிரஷர் ஏறும்? இந்த முள்ளு பொய் சொல்லுது" என்று அதன் தலையில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினார்.

முதலாளி காபி டம்ளரோடு காலையிலேயே வந்து நிற்பார். "என்னப்பா, அம்புட்டுத் தறியையும் ஓட்டத் தெரிஞ்ச உனக்கு ஒரு அடுப்பு மூட்டத் தெரியலையா?"

"இன்னைக்குப் பாத்துருதேன் மொதலாளி."

"நேத்தும் இதைத்தான் சொன்ன."

"நேத்துச் சொன்னது நேத்தைக்கு மொதலாளி."

சிரிக்கத் தோன்றும், ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. மாசிக் காலைத் தண்ணீர் அம்மாவின் காலில் பட்டதும் நரம்பு சுண்டி இழுக்கும். இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவார். தனியாக எட்டு வைத்தவர் மறுபடியும் என் தோளைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தார். பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மெதுவாக என்னிடம், "இந்த வருஷம் என்னை வர வேண்டாம்னு நினைக்காளோ?" என்று கேட்டார். ஆண்டாளைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். "உங்களை விட்டுட்டு அவ தாலி கட்டிக்கிடுவாளா?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கேற்றித் தாயாரோடு நான் சண்டையே போட்டேன். அவளைத் தவிர யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் அம்மா ஏறிப்போன பிறகு நான் மட்டும் அந்த வாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்பு முட்டித் தள்ளின தண்ணீர் இப்போது பால் குடித்த கன்று மாதிரி சோம்பலாகக் கசிந்தது.

"ஏங்க, முன்ன மாதிரி முட்டலைங்க" என்றேன்.

"தண்ணி என்ன கன்னுக்குட்டியா முட்டுறதுக்கு? சும்மா கெட" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே பேன்ட்டோடு குளத்துக்குள் இறங்கினார்.

சுவர் வாயை ஓட்டை போட்ட ஒரு தட்டு மூடியிருக்கும். அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு இழுத்தார். வழவழவென்று கறுத்த துணி ஒன்று வந்தது. மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. அலசிய இடத்தில் வெள்ளை தெரிந்தது, ஓரத்தில் பச்சை நூல் தெரிந்தது. எங்கள் ஃபேக்டரித் துணிக்கு மட்டும்தான் அந்தப் பச்சை ஓரம் உண்டு. துணியை எடுத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று அவர் வயிற்றில் வந்து முட்டியது.

முதலாளி காபியைக் குடிக்காமல் நின்றார். வராண்டாவில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர்தான் முதலாளி முகத்தைப் பார்க்காமல் துணியைப் பிழிந்துகொண்டே, "எலி கொண்டாந்து வச்சிருக்கும் மொதலாளி" என்றார்.

அம்மா கேட்டார்: "ஸ்க்ரூ முடுக்கத் தெரிஞ்ச எலியா?"

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "தண்ணியில மணல் வருது, கால்ல உறுத்துதுன்னு நீதான சொன்ன. அதான் நம்ம வீட்டுக் குழாய்க்கெல்லாம் கட்டுத மாதிரி நாலு மடிப்பு வச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நம்ம துணியில தண்ணி நிக்கவே நிக்காதே! எம்புட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புதோம், ஒரு பய குறை சொன்னதில்லையே."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் குழாய் வாயில் பேண்டேஜ் துணி கட்டாத வீடு கிடையாது. தினமும் அவிழ்த்து அலசிக் கட்டுவோம். குளத்துத் துணியை அலசவேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. புது ஃபில்டரில் கொஞ்ச நாள் மணல் கசியத்தான் செய்யும், தானாக நின்றுவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை. மனைவியின் காலில் ஒரு பொடி மணல் உறுத்தியதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை எறங்குதேன். இங்க ரா" என்று என்னைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து காலை மாலை இரண்டு வேளையும் இறங்கினோம். ஹீட்டர் ஒருநாளும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் தான் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் மகிமை என்று ஃபேக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் ஆண்டாள் தாயாருக்கு நன்றி சொன்னேன்.

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல கூட்டம். காரை விட்டு இறங்கியதும் அம்மா ஒரு கையில் என்னையும், ஒரு கையில் தடியையும் பிடித்துக்கொண்டார். முதலாளி முன்னால் போய், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒதுங்கியே நின்ற ஜனங்களையும் ஒதுக்கினார். மேளச் சத்தம் கேட்டதும் அம்மாவின் நடை கொஞ்சம் வேகமானது. நடுவில் ஒரு தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினார். உட்கார மாட்டேன் என்று தலையாட்டினார். மண்டபத்துக்குக் கிட்டே போனதும் என் கையை விட்டார்.

முன்னால் ஒரு படி. வலது காலைத்தான் முதலில் தூக்கினார். கால் நடுங்கியது. முதலாளி பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படிக்கு மேல் குறுக்கே நின்றார்.

"செத்த தள்ளுங்க," என்றார் அம்மா. "மாப்பிள்ளையையும் பொண்ணையும் மறைச்சுக்கிட்டு நிக்கீங்க."

முதலாளி ஒதுங்கினார். அம்மா "கோவிந்தா" என்று ஏறி உள்ளே போனார்.