வலப்பக்கம் இல்லாத படங்கள்

போட்டியில் ஓட்ட ஒரு குதிரை வேண்டுமென்று என் மகள் நந்தினி இரண்டு வருடங்களாகக் கேட்டு வந்தாள். ஏப்ரலில் ஊட்டி வியாபாரி ஒருவரிடம் செம்பழுப்புப் பெண்குதிரை விலைக்கு வந்தது. மூன்று முறை போய்ப் பார்த்தேன். பல், குளம்பு, உயரம் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி, படங்களும் எடுத்து ஒட்டினேன். வியாபாரி எப்போதும் குதிரைக்கு வலப்புறம் கயிற்றைப் பிடித்து நிற்பார்.

"நீங்க இப்படி நில்லுங்க சார், ஏறுறது இடப்பக்கந்தானுங்களே" என்பார். வழக்கம் அதுதான் என்பதால் நானும் இடப்பக்கமே நின்றேன்.

வாங்கிய குதிரை எங்கள் ஊரான சோலூருக்கு வந்து இறங்கியது மழையில், இருட்டும் நேரத்தில். மறுநாள் காலை தேயிலைத் தோட்டப் பாதையில் நந்தினி ஏறிப் போனாள். நான் பின்னால் நடந்தேன். வலப்பக்கம் பள்ளம். குதிரை மிரளவில்லை. அங்கேயும் பாதை இருப்பதுபோல் அமைதியாக விளிம்புக்கு அப்பால் காலை வைத்தது. "அப்பா!" என்ற குரல் மட்டும் பனிமூட்டத்திலிருந்து வந்தது.

தேயிலைச் செடிகள் அவளைத் தாங்கிக்கொண்டன. கீழே குதிரை நடுங்கிக்கொண்டு நின்றது. அதன் வலது கண் பால்போல் வெளுத்திருந்தது.

போனில் கேட்டேன். "நீங்க அந்தப் பக்கம் வரவே இல்லீங்களே சார்" என்றார் வியாபாரி.

நோட்டைப் புரட்டினேன். பதினான்கு படங்களும் இடப்பக்கம்தான்.

இப்போதெல்லாம் தெரிந்தவர்களுக்காகக் குதிரை பார்க்கப் போனால், முதலில் வலப்புறம் போய்க் கண்ணருகே கையை அசைக்கிறேன். அந்தக் குதிரையை நாங்கள் விற்கவில்லை. தினமும் காலையில் குரல் கொடுத்துக்கொண்டே அதன் வலப்பக்கமாகப் போகிறேன். அது கழுத்தை முழுவதும் திருப்பி என்னைத் தேடுகிறது.